நாற்பத்திரண்டு பேரும் மற்றும் பலரும்

மேற்கணக்குக்கு ஒரு பள்ளிக்கூடம் வேண்டும் என்று முதலில் வாயைத் திறந்தவன் ஆண்டியப்பன்தான். அதை அவன் மறுக்கவில்லை. லயத்துக் கோடியில் உட்கார்ந்து தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்த மனுசன், தீட்டி முடித்துவிட்டு எழுந்து போயிருக்கலாம். வாய் சும்மா இருந்தால்தானே!

இலங்கை மலையகத்தில் டயகமவுக்கும் மேலே, மேகம் வந்து தங்கிப்போகிற உயரத்தில் இருக்கிறது கல்முடித் தோட்டம். தோட்டத்துப் பேச்சில் ஒரு பிரிவைக் கணக்கு என்பார்கள். கீழ்க்கணக்கில் துரை பங்களா, ஆபீஸ், ஸ்டோர், ஒரு பள்ளிக்கூடம் எல்லாம் உண்டு. மேற்கணக்கில் தொழிலாளர் வரிசைவீடுகளான மூன்று லயமும், ஒரு மாரியம்மன் கோயிலும், வேண்டிய மட்டும் அட்டையும் உண்டு. இரண்டுக்கும் நடுவில் நாலு மைல் இறக்கம், அதன் குறுக்கே ஓர் ஆறு. மழைக்காலத்தில் பிள்ளைகள் ஆற்றைத் தாண்ட முடியாது. மழையில்லாத காலம் என்று ஒன்றை அந்த மலையில் யாரும் பார்த்ததில்லை.

ஆண்டியப்பனின் மகள் நாகலெட்சுமி ஒரு வருடம் ஆற்றைத் தாண்டிப் போய்வந்தாள். ஒருநாள் ஆறு அவளை இழுத்துக்கொண்டு போய்ப் பாறையில் சாத்தியதோடு தாய் வேலாயி, "படிச்சது போதும், புள்ள உசிரோட இருந்தா சரி" என்று நிறுத்திவிட்டாள். அதற்குள் பிள்ளை எழுத்துக் கூட்டி வாசிக்கக் கற்றிருந்தது. அதைவிட, வாத்தியார் இடாப்பைத் திறந்து பெயர் கூப்பிடும்போது எழுந்து நின்று, "உள்ளேன் ஐயா" என்று சொல்லக் கற்றிருந்தது. அது அதற்கு அப்படிப் பிடித்துப்போயிற்று. தினமும் வேலை விட்டு வந்த தகப்பனை வாசலில் உட்காரவைத்து இடாப்பு கூப்பிடச் சொல்லும். லயத்துப் பிள்ளைகள் வரிசையாக நிற்பார்கள். பிள்ளைகள் வராத நாளில் நாலு கோழியும் ஓர் ஆட்டுக்குட்டியும் நிற்கும். அவற்றுக்காகவும் நாகலெட்சுமியே "உள்ளேன் ஐயா" சொல்வாள்.

அப்போதுதான் அவளுக்குப் பத்து வயது ஆகியிருந்தது. பன்னிரண்டு ஆனால் தோட்டத்தில் பேர் பதிந்துவிடுவார்கள். பேர் பதிவது என்றால் செக்ரோல் புத்தகத்தில் தொழிலாளி என்று பெயரை ஏற்றுவது. ஏற்றிய மறுவாரமே கூடை முதுகில் ஏறும். பிறகு அதை இறக்குவதற்கு ஆள் சாக வேண்டும்.

"எனக்கு ஓட்டு இருந்திச்சு. நாப்பத்தேழுல போட்டேன். அப்புறம் அந்த இடாப்புலேருந்து பேர வெட்டிப்புட்டாங்க" என்று கத்தியைக் கல்லில் தேய்த்துக்கொண்டே ஆண்டியப்பன் சொன்னான். "பிரஜாவுரிமைக்கு எழுதிப்போட்டது எங்க கெடக்குன்னு தெரியல. நம்ம பேரு எந்த இடாப்புலயும் இல்ல. புள்ளைங்க பேராச்சும் ஒரு பள்ளிக்கூடத்து இடாப்புல இருக்கட்டுமே. ரெண்டு வருசம் இருக்குல்ல, அதுக்குள்ள நாமளே ஒண்ணு கட்டிப்புட்டா என்ன?"

எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். அதுதான் ஆச்சரியம். மண் அங்கேயே கிடந்தது. மரம் காட்டில் நின்றது. மூன்று ஞாயிற்றுக்கிழமை மெனக்கெட்டால் சுவர் எழும்பிவிடும். லிந்துலையில் எட்டாம் வகுப்புத் தேறிய சுகிர்தம் என்ற பெண் படிப்பிக்க வருகிறேன் என்றாள். வாங்க வேண்டியது இருபது தகரம், அவ்வளவுதான். அதற்கு ஆளுக்கு ஒரு பேர் கொடுப்பதென்று முடிவாயிற்று.

வெளியூர்க்காரர்களுக்கு இதைச் சொல்லிவிட வேண்டும். தோட்டத்தில் ஒருநாள் வேலை செய்தால் ஒரு பேர். அந்தக் கூலிக்கும் பேர்தான். கொழுந்து குறைந்தாலோ, வாய் நீண்டாலோ அரைநாள் கூலியை வெட்டுவார்கள், அது அரைப்பேர். ஆக மேற்கணக்கின் நாற்பத்திரண்டு தொழிலாளர்களும் ஆளுக்கு ஒருநாள் கூலியை எடுத்துவைத்தார்கள். நாற்பத்திரண்டு பேர் சேர்ந்தது. காசை வேலாயி ஒரு பழைய சேலைத்துணியில் முடிந்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மண் குழைத்திருந்தால் கதை அங்கேயே சுபமாக முடிந்திருக்கும். கண்டாக்கு றோலண்ட் வந்துவிட்டார். வெளிவேலைகளை மேற்பார்க்கும் உத்தியோகஸ்தர், அரைக்காற்சட்டையும் கம்புமாக மலை ஏறி வருகிறவர்.

"யாருகிட்டக் கேட்டுக் காசு சேக்குறீங்க?"

"எங்க காசுதானுங்களே ஐயா" என்றான் ஆண்டியப்பன்.

"உன் காசா இருந்தா என்னடா? சங்கம் இல்லாம சேத்தா அது களவு. சங்கம் வச்சுச் சேத்தா அது தருமம். இந்தச் சின்ன விசயங்கூடத் தெரியாம பள்ளிக்கூடம் கட்டப் போறியா? அட்டன்ல இதுக்குன்னே பெரிய மனுசங்க இருக்காங்க. போய் அவங்க கால்ல விழு."

ஆண்டியப்பன் முடிச்சை மடியில் வைத்துக்கொண்டு அட்டனுக்குப் போனான்.

மத்திய மலைநாட்டு ஏழைப் பிள்ளைகள் கல்வி அபிவிருத்தி உபகாரச் சங்கம் ஒரு புடவைக்கடையின் மாடியில் இருந்தது. அதற்கு வயது பதினொன்று. பதினோரு வருடத்தில் அது ஒரு பள்ளிக்கூடமும் கட்டவில்லை. ஆனால் மூன்று ரப்பர் முத்திரை, ஒரு கொடி, ஒரு சங்க கீதம், இறந்துபோன அங்கத்தவர்களின் படம் நாலு, இவையெல்லாம் சேர்த்துவைத்திருந்தது. செயலாளர் அலோசியஸ் மூக்குக்கண்ணாடிக்கு மேலால் பார்த்தார்.

"என்ன விசயம்?"

"பள்ளிக்கூடத்துக்குப் பேரு கொண்டாந்திருக்கேனுங்க."

"எத்தனை பேர்?"

"நாப்பத்திரெண்டு பேருங்க."

செயலாளர் எழுந்து படிக்கட்டை எட்டிப் பார்த்தார். ஒருவரும் இல்லை.

"மத்தவங்க எங்க?"

"மத்தவங்கன்னா யாருங்க? நான் மட்டுந்தான் வந்தேன்."

"நாப்பத்திரெண்டு பேர்னு சொன்னியேப்பா?"

"ஆமாங்க. மடியிலதான் இருக்கு."

செயலாளர் அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, ஏதோ மலைக்காய்ச்சல் என்று நினைத்துக் கொஞ்சம் பின்னால் தள்ளி உட்கார்ந்தார். ஆண்டியப்பன் முடிச்சை அவிழ்த்து மேசையில் கொட்டினான். சில்லறையைக் கண்டதும் அவர் முகம் தெளிந்தது.

"அட, காசா! அப்படித் தமிழ்ல சொல்ல வேண்டியதுதானே."

முடிச்சு உள்ளே போயிற்று. ஒரு பாரம் வெளியே வந்தது. மேற்கணக்கில் பேர் பதிந்த ஒவ்வோர் ஆளும், பள்ளிக்கூடம் திறக்கிற வரைக்கும் மாதம் ஒரு பேர் சங்கத்துக்குக் கொடுப்பதாகவும், அதைத் தோட்ட ஆபீசே சம்பளத்தில் பிடித்து அனுப்பச் சம்மதிப்பதாகவும் அதில் அச்சாகியிருந்தது. ஆண்டியப்பன் பெருவிரலை மையில் தோய்த்து வைத்தான்.

"தகரம் எப்ப வருங்க ஐயா?"

"தகரமா? முதல்ல தீர்மானம் வரும். அவசரப்படாத. உங்களுக்குப் பொறுமையில்லாததாலதான் உங்க சமூகம் இப்படி இருக்கு."

தான் எந்தச் சமூகம் என்பதைச் செயலாளர் சொல்லவில்லை. அவருடைய தகப்பன் லிந்துலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் கவ்வாத்து வெட்டியவர்தான்.

தீர்மானம் வந்தது. நாற்பத்திரண்டு தொழிலாளர்களையும் பாராட்டும் தீர்மானம், அந்தப் பாராட்டை வழிமொழிந்தவரைப் பாராட்டும் தீர்மானம், இரண்டு. மூன்றாம் மாதம் ஒரு தேநீர் விருந்தும் வந்தது. ஏழைப் பிள்ளைகளுக்காக அட்டனில் உள்ள கனவான்களும் சீமாட்டிகளும் கேக் தின்று தேநீர் குடித்து நிதி சேர்ப்பது. கனவான்களுக்குக் காட்டுவதற்கு மேற்கணக்குப் பிள்ளைகள் ஆறு பேரை மாதிரிக்குக் கொண்டுவரும்படி ஆண்டியப்பனுக்குக் கடிதம் வந்தது.

வேலாயி தீபாவளிக்கு என்று வைத்திருந்த பூப்போட்ட சீத்தைத் துணியை எடுத்து, ராவும் பகலுமாய் உட்கார்ந்து மகளுக்கு ஒரு சட்டை தைத்தாள். தலையில் எண்ணெய் வைத்து, இரட்டைப் பின்னல் போட்டு, நெற்றியில் பொட்டு வைத்து அனுப்பினாள். பிள்ளை பார்க்க மகாலெட்சுமி மாதிரி இருந்தது. மண்டபத்து வாசலில் மகளிர் பிரிவுத் தலைவி திருமதி பெற்றீசியா அதைக் கண்டு நெஞ்சில் கைவைத்துக்கொண்டார்.

"ஐயோ, இந்தப் பிள்ளைக்கு ஏழ்மையே பத்தாதே! இதைப் பார்த்து யார் காசு தருவாங்க? கழட்டு, கழட்டு."

சட்டையைக் கழற்றி, கொழுந்துக்காரப் பெண்கள் இடுப்பில் கட்டுகிற படங்குச் சாக்கைப் பிள்ளைக்குச் சுற்றினார்கள். பின்னலை அவிழ்த்துக் கலைத்தார்கள். சமையலறையிலிருந்து கொஞ்சம் கரி வந்தது. ஆண்டியப்பன் சட்டையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வாசல் தூணோரம் நின்றான். கூப்பிட்டுவந்து அவமானப்படுத்துகிறார்களா, இதுதான் பெரிய இடத்து மரியாதையா என்று அவனுக்கு விளங்கவில்லை. பள்ளிக்கூடத்துக்குத்தானே என்று மனசைத் தேற்றிக்கொண்டான்.

சங்கத்தின் தலைவர், அட்டனில் மரம் விற்கிற மடுவம் வைத்திருந்த பேருபகாரி முத்துலிங்கம், எழுந்து பேசினார். பேருபகாரி என்பது சங்கமே அவருக்குக் கொடுத்த பட்டம். கொடுக்கச் சொன்னவரும் அவரே.

"சீமான்களே, சீமாட்டிகளே! இதோ இந்தக் குழந்தைகளைப் பாருங்கள். இவர்களைக் காணும்போதெல்லாம் எனக்குச் சாப்பாடு இறங்குவதில்லை. ஆகவே இவர்களை நான் அடிக்கடி காண்பதில்லை. இவர்களுக்கு 'அ' என்றால் என்னவென்று தெரியுமா? தெரியாது! தெரியாதவரைக்கும் நம் சங்கத்துக்கு வேலை உண்டு!"

கைதட்டு எழுந்தது. கைதட்டு ஓய்ந்த அந்தச் சிறு அமைதியில், நாகலெட்சுமி தலைவருக்குப் பின்னால் கட்டியிருந்த துணியை அண்ணாந்து பார்த்தாள். இவ்வளவு பெரிய எழுத்தை அவள் வாழ்க்கையில் கண்டதில்லை. பள்ளிக்கூடத்தில் கற்றபடி கையைக் கட்டிக்கொண்டு, சத்தமாக, ஒவ்வோர் எழுத்தாக வாசித்தாள்.

"எ... ழுத்... த... றி... யாப்... பிள்... ளை... களுக்... கு... உத... வு... வோம்."

முன்வரிசையில் ஒரு கனவான் வெளியே எடுத்த பர்சை மறுபடியும் பையில் வைத்துக்கொண்டார். வாசிக்கத் தெரிந்த பிள்ளைக்கு எதற்குப் பள்ளிக்கூடம் என்று ஒரு சீமாட்டி பக்கத்தவரிடம் கேட்டது நன்றாகவே கேட்டது.

விருந்து முடிந்ததும் ஆண்டியப்பனை உள்ளே கூப்பிட்டார்கள்.

"படிச்ச பிள்ளையைக் கொண்டுவரச் சொல்லி யார் சொன்னது?" என்று பேருபகாரி கத்தினார். "சங்கத்தை ஏமாத்துறியா? எனக்கு மானம் போச்சு!"

"கொஞ்சந்தாங்க படிச்சிருக்கு" என்றான் ஆண்டியப்பன், குற்றவாளி மாதிரி. "இனிமே படிக்காமப் பாத்துக்கிறேனுங்க." சொன்ன பிறகுதான், தான் என்ன சொன்னோம் என்பது அவனுக்கே உறைத்தது. அன்று ரயிலில் மகள் முகத்தை அவன் பார்க்கவில்லை.

இதற்குப் பிறகு சங்கம் ஐந்து மாதம் கல்லைப் பற்றிப் பேசியது. பள்ளிக்கூடம் என்றால் அதன் முகப்பில் பெயர் வெட்டிய பளிங்குக்கல் வேண்டும். கல்லில் யார் பெயர் முதலில், யார் பெயர் அடுத்தது, பேருபகாரி என்பதைப் பெயருக்கு முன்னால் போடுவதா பின்னால் போடுவதா, பெற்றீசியா அம்மாளின் பெயருக்குக் கணவர் பெயர் வேண்டுமா என்று கூட்டம்மேல் கூட்டம். இரண்டு பேர் கோபித்துக்கொண்டு போய் எதிர்ச்சங்கம் தொடங்கினார்கள். மாதம் நாற்பத்திரண்டு பேர் தவறாமல் அட்டனுக்குப் போய்க்கொண்டிருந்தது. லிந்துலைச் சுகிர்தம் காத்திருந்து பார்த்துவிட்டுக் கலியாணம் கட்டிக்கொண்டு உடப்புசல்லாவைக்குப் போய்விட்டாள்.

கடைசிக் கூட்டத்துக்கு ஆண்டியப்பனையும் கூப்பிட்டிருந்தார்கள். உட்காரச் சொல்லவில்லை. காசு கொடுத்த நாற்பத்திரண்டு பேருடைய பெயரும் கல்லில் வருமா என்று அவன் தயங்கித் தயங்கிக் கேட்டான். பேருபகாரி சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை, பொறுமையான சிரிப்பு.

"இங்க பாரு ஆண்டியப்பா. நீங்க இந்த நாட்டுப் பிரஜையா, இந்தியப் பிரஜையான்னு இன்னும் முடிவாகல்ல. முடிவாகாத ஆளுங்க பேரை எல்லாம் கல்லுல வெட்டிப்புடுறோம்னு வையி. நாளைக்குச் சர்க்கார் உங்களைக் கப்பல்ல ஏத்தி அனுப்பிட்டா? உங்களுக்கென்ன, போயிடுவீங்க. கல்லுல்ல வீணாப்போகும்!"

நியாயம்தான் என்று எல்லோரும் தலையை ஆட்டினார்கள். பெரிய மனது பண்ணி, கல்லின் அடியில் 'மற்றும் பலர்' என்று ஒரு வரி சேர்க்கத் தீர்மானமாயிற்று.

கல் டயகமவரை லொறியில் வந்தது. அங்கிருந்து மேற்கணக்குக்கு ஆறு மைல், பன்னிரண்டு ஆண்கள் மூங்கிலில் கட்டித் தூக்கினார்கள். ஆற்றைத் தாண்டும்போது முன்னால் பிடித்த சின்னராசா வழுக்கினான். கல் அவன் பாதத்தில் இறங்கியது. மூன்று விரல் போயிற்று. கல்லின் ஓரத்திலும் ஒரு சில்லுப் பெயர்ந்து, முத்துலிங்கத்தின் கடைசிப் புள்ளி காணாமல் போயிற்று. சங்கம் அவசரமாகக் கூடி, நடந்த சேதத்துக்கு ஆழ்ந்த அனுதாபம் தெரிவித்தது. அனுதாபம் கல்லுக்கு. வேலை நேரத்தில் கல் தூக்கியதற்காகக் கண்டாக்கு பன்னிரண்டு பேருக்கும் அரைப்பேர் போட்டார். சின்னராசாவுக்கும் அரைப்பேர்தான், கண்டாக்கு பாரபட்சம் காட்டுகிறவர் இல்லை.

கல் நிற்க ஒரு சுவர் வேண்டுமே! அட்டனிலிருந்து மேசன் வந்து, சீமெந்தும் செங்கல்லுமாய் அருமையான ஒரு சுவர் கட்டினான். ஒரேயொரு சுவர். மழை பட்டால் எழுத்துக் கறுத்துவிடும் என்பதால் கல்லுக்கு மேலே நாலு தகரம் போட்டு ஒரு கூரையும் இறக்கினார்கள். ஒன்பது மாதமாக ஆண்டியப்பன் கேட்டுக்கொண்டிருந்த தகரம் கடைசியில் வந்தேவிட்டது.

அந்தச் சுவரைப் பார்வையிடத்தான் செயலாளர் அலோசியஸ் முதன்முதலாக மேற்கணக்குக்கு ஏறினார். மூச்சு வாங்க ஒரு பலகையில் உட்கார்ந்து நோட்டைத் திறந்தார்.

"பிள்ளைங்களைப் பேர் பதியணும். எல்லார் பேரும் வயசும் சொல்லு."

ஆண்டியப்பன் நோட்டை எட்டிப் பார்த்தான். "எந்தப் பேரு பதியிறதுங்க?"

"பேர்ல எத்தனை வகைப்பா இருக்கு? பதியிறதுன்னா பதியிறதுதான். சொல்லு, சொல்லு, மழை வருது."

பள்ளிக்கூடத்துக் காரியமாக வந்தவர் வேறு எதைப் பதியப் போகிறார்! ஆண்டியப்பன் பத்தொன்பது பிள்ளைகளின் பெயரையும் வாய் நிறையச் சொன்னான். கடைசியாகத் தன் மகளின் பெயரைச் சொன்னான். நாகலெட்சுமி, வயசு பத்து முடிஞ்சிருச்சு.

அட்டனுக்குத் திரும்பியதும் செயலாளர் பட்டியலைத் தலைவரிடம் காட்டினார். தலைவர் தூரதிருஷ்டி உள்ளவர். பள்ளிக்கூடம் முழுசாகக் கட்டி முடிய இன்னும் இரண்டு வருடமாவது ஆகும். அப்போது இந்த வயதெல்லாம் பிழையாகிவிடும், அறிக்கையைத் திரும்ப அச்சடிக்க வேண்டிவரும். ஆகவே ஒவ்வொரு பிள்ளைக்கும் இப்போதே இரண்டு வயது கூட்டிப் போடும்படி சொன்னார். செயலாளர் கூட்டினார். பிறகு கல்முடித் தோட்டத்துத் துரைக்கு, மூன்று முத்திரையும் குத்தி, ஒரு கடிதம் எழுதினார். இதில் கண்ட பிள்ளைகள் அனைவரின் பெயரையும் தங்கள் தோட்டத்தில் தயவுடன் பதிந்துகொள்ளுமாறு சங்கம் பணிவுடன் வேண்டுகிறது என்பது கடிதத்தின் சாரம். பள்ளிக்கூடம் என்ற சொல் எங்கும் வரவில்லை. அது எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்று விட்டுவிட்டார்.

அது கொழுந்து மண்டிக்கிடந்த மாதம். பறிக்க ஆள் போதாமல் துரை எரிந்து விழுந்துகொண்டிருந்தார். கடிதத்தைக் கண்டு அவருக்கு மனம் நெகிழ்ந்துபோயிற்று. பன்னிரண்டும் அதற்கு மேலும் வயது போட்டிருந்த ஏழு பிள்ளைகளையும் அன்றே செக்ரோலில் ஏற்றச் சொன்னார். சங்கத்தின் சேவையை மெச்சிப் பதிலும் எழுதினார்.

கண்டாக்கு வந்து சொன்னபோது வேலாயி தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். "பத்து வயசுப் புள்ளய்யா!"

"பன்னெண்டுன்னு போட்டிருக்கு. உன் புருசன் சொல்லி, சங்கம் எழுதிக் கேட்டிருக்கு. பெரிய மனுசங்க கேட்டா நாங்க மறுக்க முடியுமா?"

ஆண்டியப்பன் விழுந்தடித்துக்கொண்டு அட்டனுக்கு ஓடினான். படிக்கட்டில் ஏறும்போதே அழுதுகொண்டு ஏறினான். செயலாளர் முழுவதையும் கேட்டார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். பாவம், அவருக்கும் சங்கடமாகத்தான் இருந்தது.

"பேரை எடுக்கணும்னா பொதுக்குழு கூடணும். பொதுக்குழு வர்ற வருசந்தான் கூடும்."

"வயசையாச்சும் சரியாப் போட்டு ஒரு துண்டு குடுங்க சாமி. பத்துன்னு ஒரு வார்த்தை. பொறந்த துண்டு வேணும்னாலும் தேடிக் கொண்டாரேன்."

"இப்ப பத்துன்னு எழுதினா சங்கம் முன்னாடி பொய் எழுதினதா ஆயிடும். பதினோரு வருசத்துப் பேரு! ஒரு பிள்ளைக்காக அதைக் கெடுக்கச் சொல்றியா?"

சொல்லத்தான் வந்தான். கும்பிட்டுவிட்டு இறங்கினான், அந்தப் பாழாய்ப்போன பழக்கம் அவனை அப்போதும் விடவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சுவர் திறப்பு விழா. அழைப்பிதழில் பள்ளிக்கூடத் திறப்பு விழா என்று போட வெட்கப்பட்டுக் கல்வித்தாயின் கால்கோள் விழா என்று போட்டிருந்தார்கள். கீழிருந்து மேளம் வந்தது. பேருபகாரியை நாலு பேர் நாற்காலியில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். துரை வரவில்லை, ஒரு பூங்கொத்து அனுப்பினார். ரிப்பன் வெட்டிக் கல்லுக்கு மாலை போட்டானதும் பேருபகாரி முழங்கினார்.

"பள்ளிக்கூடம் என்பது என்ன? நாலு சுவரா? நாற்காலியா? இல்லவே இல்லை. பள்ளிக்கூடம் என்பது ஓர் எண்ணம்! அந்த எண்ணம் நனையாமலிருக்க ஒரு கூரை போட்டிருக்கிறோம். அது மட்டுமா? இந்த மலையிலே ஏழு பிள்ளைகளின் பெயர் இன்றைக்குப் பதிவாகிவிட்டது. சங்கத்தின் பதினோரு வருட வரலாற்றில் இதுவே முதல் வெற்றி!"

வேலாயி கூட்டத்துக்குள் எழுந்து நின்றாள். "ஐயா, புள்ளைங்க எங்கிட்டுக் குந்துறது?"

"முதல்ல நிக்கப் பழகட்டும் அம்மா" என்றார் பேருபகாரி. அருமையான பதில் என்று செயலாளர் குறித்துக்கொண்டார்.

எல்லோரும் போன பிறகு நாகலெட்சுமி பூப்போட்ட சட்டையோடு கல்லின் முன்னால் போய் நின்றாள். தலைவர் பெயரிலிருந்து தொடங்கி, பட்டங்களையெல்லாம் விடாமல், எழுத்துக் கூட்டிக்கொண்டே அடிவரைக்கும் வந்தாள்.

"மற்... றும்... ப... லர். அப்பா, இது யாருப்பா?"

"நாமதான் ஆத்தா."

மறுநாள் திங்கட்கிழமை. விடியுமுன்னே தப்பு அடித்தார்கள். பெரட்டுக்களத்தில் மேற்கணக்கு முழுவதும் கூடைகளோடு நின்றது. பெரட்டு என்பது ஆள் கூப்பிட்டு வேலைக்கு அனுப்புகிற இடம். பனியில் முகம் தெரியவில்லை. கண்டாக்கு லாந்தர் வெளிச்சத்தில் செக்ரோலைத் திறந்து ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார். கூப்பிடக் கூப்பிட ஆட்கள் "இருக்கேன் சாமி", "இருக்கேன் சாமி" என்று சொல்லிக்கொண்டு நகர்ந்தார்கள். கடைசியில் புதிதாக ஏற்றிய பெயர்கள்.

"நாகலெட்சுமி!"

பிள்ளைக்கு எல்லாம் தெரியும். தாய் முதுகில் கூடையைக் கட்டிவிட்டிருந்தாள். இடுப்பில் படங்கு. பள்ளிக்கூடம் இல்லை, பெரட்டு என்றும் தெரியும். கிண்டலுக்கும் சொல்லவில்லை. ஆனால் ஒரு புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு பெரிய மனிதர் அவள் பெயரை முழுசாகக் கூப்பிட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று அந்த வாய் அத்தனை நாளாகப் பழகியிருந்தது. கையைக் கட்டிக்கொண்டு, நிமிர்ந்து நின்று, மலை கேட்கச் சொன்னாள்.

"உள்ளேன் ஐயா!"

யாரோ சிரித்தார்கள். அப்புறம் களம் முழுவதும் சிரித்தது. மேற்கணக்கு ஜனங்கள்தான், வாசலில் கோழியோடு அந்தப் பிள்ளை இடாப்பு நடத்தியதைப் பார்த்த அதே ஜனங்கள்தான் சிரித்தார்கள். ஆண்டியப்பன் கத்தியின் பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தான்.

"என்னாடி இது?" என்றார் கண்டாக்கு. "இதென்ன பள்ளிக்கூடமா?"

வாய்க்கொழுப்புக்கு அரைப்பேர் என்று எழுதினார். எழுதிய பிறகு பென்சிலைக் கடித்துக்கொண்டு யோசித்தார். பேர் பதிந்த ஒவ்வோர் ஆளும் மாதம் ஒரு பேர் பள்ளிக்கூட நிதிக்குக் கொடுக்க வேண்டும் என்று ஆண்டியப்பன் விரல் வைத்த தாள் ஆபீசில் இருக்கிறது. இவளுக்கு இன்றைக்கு இருப்பதோ அரைப்பேர்.

"இன்னிக்கி அரைப்பேரு சங்கத்துக்குப் போகுது" என்றார். "மிச்ச அரையை நாளைக்கிப் பிடிச்சுக்கிறேன். அப்புறம் உனக்கு ஒரு தொந்தரவும் இல்ல. போ, போ."

மலைப்பாதையில் ஏறும்போது நாகலெட்சுமி தகப்பன் பக்கத்தில் வந்து நடந்தாள். கூடை அவள் பின்தொடையில் இடித்துக்கொண்டே வந்தது. சுவரைத் தாண்டும்போது இரண்டு பேரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

"அப்பா, நாளைக்குக் கூப்பிட்டா என்னான்னு சொல்லணும்?"

ஆண்டியப்பன் அவள் கூடைக் கயிற்றைக் கொஞ்சம் மேலே ஏற்றிக் கட்டிவிட்டான்.

"இருக்கேன் சாமின்னு சொல்லு ஆத்தா."

"இருக்கேன் சாமி" என்றாள் பிள்ளை. சரியாகச் சொன்னோமா என்று தகப்பன் முகத்தைப் பார்த்தாள். அவன் தலையசைத்தான். மலை உச்சி வருகிற வரைக்கும், மறந்துவிடாமல் இருக்க, அதையே சொல்லிச் சொல்லிப் பழகிக்கொண்டு போனாள்.